பாதி 1959, மீதி இன்னொருத்தர் கைவேலை

பேட்டரி கேபிளை வச்சு அழுத்தினதும் பட்டுனு ஒரு பெரிய பொறி, அடுத்த நொடியே ரப்பர் கருகற வாசனை, நான் கேபிளைப் பிடுங்கறதுக்குள்ள ஆல்டர்னேட்டர்ல (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற கருவி) இருந்து வர்ற தடி ஒயரு மேல இருந்த உறை கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. மொத்தமே ரெண்டு செகண்ட் இருக்கும். உள்ள இருந்த டயோடு எல்லாம் போச்சு.

நான் செஞ்சது என்னன்னா புத்தகத்துல இருக்கறபடி மாட்டினது தான். 1959 மோரிஸ் மைனர் 1000, அதோட ஒர்க்‌ஷாப் மேனுவல் பக்கத்துலயே விரிச்சு வச்சிருந்தேன். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிங்க நிறைய மாதிரி இதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனை பாடிக்குப் போகணும், மைனஸ் தான் கரண்ட் எடுத்துட்டுப் போற பக்கம். இப்ப இருக்கற வண்டிங்களுக்கு நேர் எதிர். இது தெரியாம மாத்தி மாட்டிறக் கூடாதேன்னு தான் புத்தகத்தையே எடுத்தேன். ஆனா வண்டிய எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டு, மொத்த வண்டியையும் நெகட்டிவ் எர்த்தா மாத்தியிருக்காரு. அது நல்ல வேலை தான், டைனமோ ஐடில்ல சார்ஜே ஏத்தாது, ஆல்டர்னேட்டர் ஏத்தும். ஆனா மாத்தினதை எங்கயுமே எழுதி வைக்கல. பேட்டரி கிட்ட ஒரு ஸ்டிக்கர் கூட இல்ல. ஆல்டர்னேட்டரை நான் பாத்தேன், பாத்துட்டு அதுக்கு அர்த்தம் என்னன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கல.

அன்னைக்கு தான் ஒண்ணு புரிஞ்சுது. மேனுவல் ஃபேக்டரில இருந்து வெளிய வந்த வண்டிய பத்தி பேசுது. என் கிட்ட நிக்கறது அந்த வண்டி இல்ல. அது மேல ஒருத்தர் பல வருஷம் உக்காந்து வேலை செஞ்சிருக்காரு, அவர் என்ன நினைச்சு எதை மாத்தினாருன்னு தெரியாம நான் கை வச்சா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகும்.

அதுக்கப்புறம் மூணு வாரம் நான் ஸ்பேனரையே எடுக்கல. டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்து, எது 1959-ல இருந்தே இருக்கு எது பின்னாடி வந்ததுன்னு ஒண்ணொண்ணா எழுத ஆரம்பிச்சேன். இந்த வண்டில அது முடியும், ஏன்னா மைனர்ல எந்த வருஷம் எது மாறிச்சுங்கறது ரொம்ப தெளிவா தெரிஞ்ச விஷயம். 1956-ல மைனர் 1000 வந்தப்ப 948 சிசி இஞ்சின், முன்னாடி ரெண்டு துண்டா இருந்த கண்ணாடி ஒரே துண்டாச்சு. 1961-ல கதவுக்குப் பின்னாடி தூண்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு வர்ற அந்தக் கை மாதிரி சிக்னல் போய் மினுக்கற லைட் வந்துச்சு. 1962-ல 1098 சிசி இஞ்சின், கூடவே முன் பிரேக் டிரம் 7 அங்குலத்துல இருந்து 8 அங்குலம் ஆச்சு, கியர்பாக்ஸ் மேல்பக்கம் வழவழன்னு இருந்தது வரி வரியா எலும்பு வச்ச மாதிரி ஆச்சு, பின் ஆக்சில்ல பல் கணக்கு 4.55-ல இருந்து 4.22 ஆச்சு. இவ்வளவும் மனசுல இருந்தா போதும், வண்டியே பேசும்.

பேசுச்சு. இஞ்சின் பிளாக்ல அச்சு நம்பர் 1100-னு வார்த்திருக்கு, பிளேட்ல 10எம்ஏ-னு ஆரம்பிக்குது, அப்ப அது 1098. கியர்பாக்ஸ்ல வரி இருக்கு. கதவுத் தூண்ல சிக்னல் இருந்த பொந்து ரெண்டு பக்கமும் பட்டி வச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சிருக்கு, தடவிப் பாத்தா தான் தெரியும். பானெட்டும் இடது முன் ஃபெண்டரும் உரசினா உள்ள ஒரு நிறம், மத்த இடமெல்லாம் இன்னொரு நிறம்.

ஆக்சில் மட்டும் வெளிய பாத்து சொல்ல முடியல, எண்ணித் தான் பாக்கணும். இந்த முறை எந்த பழைய ரியர் வீல் டிரைவ் வண்டிக்கும் ஆகும், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். கியரை நியூட்ரல்ல போட்டு, முன் சக்கரத்துக்கும் தரையில நிக்கற பின் சக்கரத்துக்கும் கட்டை வச்சு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை விடுங்க. டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற நீளத் தண்டு, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட்ல ஒரு சாக்பீஸ் கோடு. இப்ப தூக்கின சக்கரத்தை கையால சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, கூட ஒரு ஆள் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணட்டும். இன்னொரு சக்கரம் நிக்கறதால டிஃபரென்ஷியல்ல (ரெண்டு பின் சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கற கியர்) பாதி தான் ஷாஃப்ட்டுக்குப் போகும், அதனால தான் ஒண்ணுக்கு பதிலா ரெண்டு சுத்து. ஷாஃப்ட் சுத்தின எண்ணிக்கை தான் ரேஷியோ, மேல சொன்ன பல் கணக்கு. நாலரையைத் தாண்டினா 4.55. எனக்கு நாலே கால் கூட வரல, கோடு நாலே காலுக்கு ஒரு விரல் முன்னாடியே நின்னுச்சு. ரெண்டு தடவை எண்ணிப் பாத்தேன். 4.22.

அப்ப ஸ்பீடோமீட்டர்? டயல்ல கீழ பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு அது. என்னுது பழைய ஆக்சிலுக்கான மீட்டர். கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து தான் வருது, ஆக்சில் மாறினதால அதே தூரத்துக்கு அது இப்ப கம்மியா சுத்துது, முள்ளு 50 மைல்னு காட்டும்போது வண்டி நிஜத்துல 54-ல போகுது. வண்டி வாங்கின நாள்ல இருந்து நான் நினைச்சதை விட வேகமா தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன், அதுவும் பிரேக் நேரா பிடிக்காத ஒரு வண்டிய.

பிரேக் கதைக்கு வர்றேன், ஏன்னா என்னை ரொம்ப நாள் தூங்க விடாதது அது தான்.

வாங்கினதுல இருந்தே பிரேக் மிதிச்சா வண்டி வலது பக்கம் இழுக்கும். மெதுவா மிதிச்சா லேசா, அழுத்தி மிதிச்சா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கணும். வலது பக்கம் இழுக்குதுன்னா இடது பக்கம் சரியா பிடிக்கலன்னு தான் யாரும் நினைப்பாங்க. நானும் இடது முன் சக்கரத்தைக் கழட்டி, டிரம்மை எடுத்து, ரெண்டு வீல் சிலிண்டருக்கும் புது ரப்பர் போட்டு (இதுல முன்னாடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு ரெண்டு சிலிண்டர்), ஷூவை உப்புத்தாள் போட்டு தேச்சு, அட்ஜஸ்டரை சரி பண்ணி மாட்டினேன். இழுக்கறது குறையல. டயர் காத்து பாத்தேன், முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டேன், வீல் அலைன்மென்ட் பாத்தேன். ஹோஸ் உள்ள வீங்கி அடைச்சிருக்குமோன்னு இடது ஹோஸை புதுசா மாத்தினேன். ஒண்ணும் ஆகல. கடைசியா அந்த லிஸ்ட் எழுதற நாள்ல தான் வலது பக்க சக்கரத்தை முதல் தடவையா கழட்டினேன். கழட்டினதும் ஏதோ கண்ணுக்கு உறுத்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியல. டிரம்மை எடுத்து உள்பக்கம் டேப் வச்சேன். 203 மில்லிமீட்டர். இடது பக்கம் ஓடிப் போய் அதையும் மறுபடி கழட்டி அளந்தேன். 178.

ஒரே அச்சுல இடது பக்கம் 7 அங்குல டிரம், வலது பக்கம் 8 அங்குல டிரம்.

பெடல்ல இருந்து வர்ற ஆயில் அழுத்தம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு தான். ஆனா டிரம் பெருசா இருந்தா ஷூ பிடிக்கற இடம் சக்கரத்தோட நடுவுல இருந்து தள்ளிப் போயிடுது, நீளமான ஸ்பேனர்ல நட்டு சுலபமா கழல்ற மாதிரி தான் இதுவும், அதே அழுத்தத்துக்கு அந்தச் சக்கரம் கூடுதலா பிடிக்கும். இடது பக்கத்துல எந்தக் குறையுமே இல்ல. அது சரியாத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, நான் தான் ரெண்டு மாசமா அதைப் போட்டு குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப வந்த கோவத்தை நான் மறைக்க விரும்பல. பிரேக்ல இப்படி ஒருத்தர் பண்ணுவாரான்னு தான் தோணுச்சு. வித்தவரோட நம்பர் இருந்துச்சு, வயசானவர், வண்டி குடுக்கும்போது கூட அதிகம் பேசல. அன்னைக்கு சாயந்திரம் கூப்பிட்டேன். கூப்பிடும்போது சண்டை போடற மனநிலைல தான் இருந்தேன்.

"சார், வண்டியோட வலது முன் பிரேக் மட்டும் பெரிய டிரம்மா இருக்கே, தெரியுமா சார் உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தெரியும் தம்பி. நான் தான் போட்டேன். இன்னொண்ணு கிடைச்சதும் மாத்தணும்னு இருந்தேன், கிடைக்கல."

அப்புறம் அவரே சொன்னாரு. ஒரு நாள் திருப்பத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா திரும்பும்போது வலது முன் சக்கரம் அப்படியே மடங்கி வண்டி மூக்கு தரைல உக்காந்துடுச்சாம். மைனர் வச்சிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச வியாதி தான். முன் சக்கரத்தைத் தாங்கற ஸ்விவல் பின்னோட அடி முனை ட்ரனியன்ங்கற மரை வச்ச ஒரு இணைப்புல திருகி நிக்குது, அதுக்கு கிரீஸ் அடிக்கடி அடிச்சுக்கிட்டே இருக்கணும், அடிக்கலன்னா மரை தேஞ்சு ஒரு நாள் மொத்தமா வெளிய வந்துடும். அதிர்ஷ்டவசமா பெரும்பாலும் மெதுவா திருப்பும்போது தான் வரும். அவருக்கும் அப்படித்தான் ஆயிருக்கு. அப்ப அவருக்குக் கிடைச்சது இடது பக்கம் முழுசா நசுங்கின ஒரு 1098 மைனர். அதுல இருந்து இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாத்தையும் எடுத்து இதுல போட்டிருக்காரு. வலது முன் பக்கத்தை ட்ரனியன், ஹப், பிரேக் எல்லாத்தோடயும் ஒரே கொத்தா தூக்கி மாட்டியிருக்காரு. இடது பக்கம் அந்த வண்டில எடுக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சல. வலதுல இருந்ததை இடதுல போடவும் முடியாது, ரெண்டு பக்க ட்ரனியன் மரையும் எதிரெதிர் திசை.

"நான் எப்பவும் மெதுவா தான் ஓட்டுவேன் தம்பி. பிரேக் போடும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் லேசா பிடிச்சுக்குவேன். பழகிடுச்சு. உங்க கிட்ட சொல்லியிருக்கணும், மறந்துட்டேன், எனக்கு அது வண்டியோட சுபாவம் மாதிரி ஆயிடுச்சு."

என் கோவம் அங்கயே இறங்கிடுச்சு. அவர் செஞ்சது சரின்னு சொல்ல வரல, அப்படியே ரோட்டுல ஓட்டினது ஆபத்து தான், யாரும் பண்ணக் கூடாது. ஆனா அந்த வண்டிக்குள்ள இருந்த ஒட்டுவேலை எல்லாம் ஒரே காரணத்துல இருந்து வந்ததுன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. ஒரு பக்கம் நசுங்கின ஒரு வண்டி. என் லிஸ்ட்ல தனித்தனியா புதிரா இருந்த பத்து பன்னண்டு விஷயம் ஒரு ஃபோன்ல ஒண்ணா சேந்துடுச்சு. பானெட் அந்த நசுங்கின வண்டியோடது இல்ல, அது வேற கதைன்னாரு. ஃபெண்டரைப் பத்தி கேக்க மறந்துட்டேன்.

பழைய வண்டி வாங்கறவங்களுக்கு நான் சொல்றது இது ஒண்ணு தான், முன்னாடி இருந்தவர் உயிரோட இருந்து பேசற நிலைமைல இருந்தா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி அவர் கிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க. சண்டை போடறதுக்கு இல்ல, கதை கேக்கறதுக்கு. மேனுவல்ல இல்லாத பாதி வண்டி அவர் தலைக்குள்ள இருக்கு.

ஆனா எல்லா மாத்து வேலையும் ஒரே தரம் இல்ல, இதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன். சிலது நல்ல யோசனையோட பண்ணது, சிலது வேற வழி இல்லாம பண்ணது, சிலது எந்த நேரமும் உயிரை எடுக்கற வேலை. மூணாவது வகை எனக்கு ரெண்டு இடத்துல கிடைச்சுது, ரெண்டுமே மரை சமாச்சாரம்.

இந்த வண்டில போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யூஎன்எஃப் மரை. அதுல ரொம்ப சாதாரணமா வர்ற அளவு 5/16 அங்குலம், மில்லிமீட்டர்ல சொன்னா 7.94. இப்ப எங்கயும் கிடைக்கற எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கையில ரெண்டையும் பக்கத்துல வச்சா வித்தியாசமே தெரியாது. ஆனா யூஎன்எஃப்ல ஒரு அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் கிட்டத்தட்ட 1.06 மில்லிமீட்டர், எம்8-ல 1.25. அதனால எம்8-ஐ அந்த ஓட்டைல வச்சா முதல் ஒரு சுத்து, ஒன்றரை சுத்து ஆசையா உள்ள போகும், அப்புறம் இறுகும். இறுகும்போது கை சொல்லுது பாருங்க, இது தப்பான போல்ட்னு, அந்த இடத்துல நிறுத்தணும். நிறுத்தாம நீள ஸ்பேனர் போட்டு திருப்பினா இரும்பு இரும்பை அறுத்துக்கிட்டு உள்ள போயிடும், பாக்கறதுக்கு இறுக்கமா இருக்கற மாதிரியே இருக்கும். என் வண்டில தெர்மோஸ்டாட் மூடிய பிடிக்கற மூணு ஸ்டட்ல ஒண்ணு அப்படி எம்8. வெளிய எடுத்தப்ப அது கூடவே ஹெட்டோட மரையும் சுருள் சுருளா மினுமினுன்னு வந்துச்சு, ஸ்பிரிங்ல இருந்து பிச்சு எடுத்த மாதிரி. அந்த ஓட்டையை பெருசா துளைச்சு ஹெலிகாயில் (புது மரையா நிக்கற கம்பிச் சுருள்) போட்டு தான் காப்பாத்தினேன்.

ஸ்பேனர்லயும் இதே தொல்லை. 5/16 போல்ட்டோட தலை அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதுல நல்லாவே உக்காரும், லூசா இருக்கற போல்ட்டை கழட்டவும் செய்யும். இறுகின போல்ட்ல போட்டா அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளில தலை உருண்டுடும். முன்னாடி இருந்தவர் கிட்ட 13 ஸ்பேனர் தான் இருந்திருக்குன்னு எனக்கு வண்டி முழுக்க உருண்ட தலைங்க சொல்லிடுச்சு.

இன்னொண்ணு இதை விட மோசம். பின் ஆக்சில் மேல பிரேக் பைப் ரெண்டா பிரியற மூணு வழி ஜாயிண்ட். பைப்போட நட்டு பழசு, 3/8 யூஎன்எஃப், வெளி விட்டம் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். ஜாயிண்ட் மட்டும் ஏதோ புது வண்டியோடது, அதுல ஓட்டை எம்10. சின்ன நட்டு பெரிய ஓட்டைக்குள்ள. மரை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால, ஒண்ணுல அங்குலத்துக்கு 24, இன்னொண்ணுல 25 சொச்சம், அது விரலாலேயே கடைசி வரைக்கும் போயிடும். அடில போய் பைப்பு முனை நசுங்கி உக்காந்ததும் ஆயில் ஒழுகாது, பெடலும் கெட்டியா இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நான் நட்டை அரை சுத்து லூஸ் பண்ணிட்டு விரலால ஆட்டிப் பாத்தேன், ஓட்டைக்குள்ள அது கடகடன்னு ஆடுது. மரையோட நுனியும் நுனியும் மட்டும் தான் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு அவசர பிரேக்ல முழு பலத்தோட மிதிச்சிருந்தா அது பிடுங்கிக்கிட்டு வந்திருக்கும், இந்த வண்டில நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒரு பிரேக் லைன், ஒரு இடத்துல போனா மொத்தமும் போச்சு. அந்த ஜாயிண்ட்டை கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தரையிலயே உக்காந்திருந்தேன். என் பசங்க பின் சீட்டுல உக்காந்து வந்திருக்காங்க.

தயவு செஞ்சு ஒரு மரை கேஜ் வாங்கி வச்சுக்குங்க, அங்குலத்துக்கு ஒண்ணு மெட்ரிக்குக்கு ஒண்ணு. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இந்த மூணுலயும் உங்களுக்கு முன்னாடி யாரோ தொட்டிருந்தா ஒவ்வொரு மரையையும் அளந்து பாத்துட்டு தான் ஓட்டணும். லீக் இல்ல, அதனால சரியா இருக்குங்கற கணக்கு இங்க செல்லாது.

அந்த பிரேக் வேலைய முழுசா பண்ணேன், எல்லா பைப்பும் புதுசு, எல்லா நட்டும் ஒரே மரை. மாஸ்டர் சிலிண்டர் மைனர்ல டிரைவர் காலடில தரைக்குக் கீழ சேஸிஸ்ல ஒளிஞ்சு இருக்கு, அதோட போல்ட்டை உருவ முடியாம டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை செய்யற நீளக் கம்பி) குறுக்க நிக்கும், பாரை நகத்தணும், அதுக்கே ஒரு நாள் முழுசா போச்சு. வேற வழி இல்ல, அதைத் தொடாம இந்த வேலை முடியாது.

இப்ப முக்கியமான கேள்வி வந்துச்சு. முன் பிரேக்கை எந்தப் பக்கம் சமமாக்கறது? வலது பக்கத்தையும் 7 அங்குலமா மாத்தினா 1959-ல வந்த மாதிரி ஆயிடும், ஒரிஜினல்னு சொல்லிக்கலாம். ஆனா இஞ்சின் 1098. ஃபேக்டரியே அந்த இஞ்சின் வச்சப்ப பெரிய டிரம் தேவைன்னு தான் போட்டாங்க. அதனால இடது பக்கத்துக்கும் 8 அங்குலம் முழு கொத்தா தேடிப் பிடிச்சு மாட்டினேன். ஒரிஜினாலிட்டி பாக்கறவங்களுக்கு இது பிடிக்காது, தெரியும். எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறது தான் முக்கியம், அது எந்த வருஷத்தோடதா இருந்தாலும் சரி.

ஒரிஜினல்னு நாம எதை சொல்றோம்ங்கறதே இந்த வண்டில கொஞ்சம் சிக்கல். அலெக் இசிகோனிஸ் இதை வடிவமைக்கும்போது தயாரிப்புக்குப் போற கடைசி நேரத்துல அகலம் பத்தலன்னு பட்டிருக்கு, மாதிரி வண்டிய நட்ட நடுவுல நீளவாக்குல அறுத்து ரெண்டு பாதியையும் தள்ளி வச்சு பாத்து 4 அங்குலம் அகலமாக்கினாரு. மைனர் பானெட்டுக்கு நடுவுல நீளமா ஒரு தட்டையான பட்டை ஓடுது பாருங்க, அது அந்த நாலு அங்குலம் தான். பம்பரெல்லாம் ஏற்கனவே பழைய அகலத்துக்குத் தயாராயிருந்ததால முதல்ல வந்த வண்டிங்கள்ல பம்பரை நடுவுல வெட்டி ஒரு துண்டு வச்சு சேத்தாங்க. 1948-ல லண்டன் ஷோவுக்கு வந்தப்ப உள்ள இருந்தது போருக்கு முன்னாடி மோரிஸ் வண்டில இருந்த அதே 918 சிசி சைடு வால்வ் இஞ்சின், புதுசா யோசிச்ச ஃப்ளாட் ஃபோர் இஞ்சின் (நாலு சிலிண்டரும் படுத்த வாக்குல இருக்கறது) கைவிடப்பட்டுச்சு. 1952-ல ஆஸ்டினும் மோரிஸும் ஒண்ணா சேந்ததும் எதிரி கம்பெனியா இருந்த ஆஸ்டினோட 803 சிசி இஞ்சினைத் தூக்கி இதுல வச்சாங்க. 1971 வரைக்கும் பதினாறு லட்சம் வண்டி இப்படித்தான் மாத்தி மாத்தி ஓடியிருக்கு. ஃபேக்டரி அந்த வேலைய ஒவ்வொரு தடவையும் வருஷம் போட்டு நம்பர் போட்டு எழுதி வச்சுது. வீட்டுல செஞ்சவர் எழுதல. எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் அவ்வளவு தான், ஆனா அந்த வித்தியாசம் ஒரு ஆல்டர்னேட்டரை எரிச்சுது.

ஒயரிங்ல இதே தான். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிங்களுக்கு மின்சாமான் செஞ்ச லூகாஸ் கம்பெனியோட ஒயரிங்ல நிறமே ஒரு மொழி, பிரவுன்னா பேட்டரில இருந்து நேரா வர்றது, வெள்ளைன்னா சாவி போட்டா வர்றது, பச்சைன்னா அதுக்கப்புறம் ஃபியூஸ் தாண்டி வர்றது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த். மேனுவல் இல்லாமலே ஒரு ஒயரைப் பாத்து அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லலாம். அவர் சேத்தது எல்லாமே சிவப்பு. இண்டிகேட்டர், ஹாரன், ஹீட்டர் ஃபேன், எல்லாம். கையில ஒரு பெரிய சிவப்பு கட்டு இருந்திருக்கும் போல. கார்பெட்டுக்கு அடில ஃபியூஸே இல்லாம ஒண்ணு ஓடுச்சு, சீட்டு தண்டவாளம் அதோட உறையைப் பாதி அறுத்திருந்துச்சு. அத்தனையையும் உருவிட்டு சரியான நிறத்துல திரும்ப இழுத்தேன். இதுல பேச்சுக்கே இடமில்ல.

கார்ப்ரேட்டர் மட்டும் சின்ன வேலை. 1098 இஞ்சின் வந்தாலும் கார்ப்ரேட்டர் பழைய 948-ஓட எஸ்யூ கம்பெனி கார்ப்ரேட்டர் தான், அதுக்குள்ள பெட்ரோலை அளந்து விடற ஊசியும் பழசு. பிளக் கழட்டினா நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்து இருக்கும், பெட்ரோல் பத்தல. ஊசியை 1098-க்கு சொன்ன ஏஎன் ஊசியா மாத்தினேன், பிளக் இளம் பழுப்புக்கு வந்துடுச்சு, மேட்டுல ஏறும்போது இருந்த இருமல் போச்சு. கார்ப்ரேட்டரை மாத்தல. ஆல்டர்னேட்டரை ரிப்பேர் பண்ணி அதையே போட்டேன், நெகட்டிவ் எர்த்தாவே விட்டுட்டேன். அவர் யோசிச்சு செஞ்ச வேலை அது, அதைக் கழட்ட எனக்கு காரணம் கிடைக்கல. பேட்டரி மேல மட்டும் தகரத்துல எழுத்து குத்தி ரிவெட் அடிச்சு வச்சிருக்கேன், "நெகட்டிவ் எர்த், மேனுவலை நம்பாதீங்க"ன்னு.

ஸ்பீடோமீட்டரை இன்னும் மாத்தல. டயலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சீட்டு ஒட்டியிருக்கேன், 30-னா 32, 50-னா 54.

டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஒரு நோட்டு இருக்கு இப்ப. எந்த பாகம் எந்த வண்டியோடது, என்ன மரை, என்ன நம்பர், எப்ப மாத்தினது, ஏன் மாத்தினது. ஏன்ங்கறதுக்குத் தான் பெரிய இடம் விட்டிருக்கேன்.

போன வாரம் காலியான நேர் ரோட்டுல 40-ல போய், ஸ்டியரிங்கை ரெண்டு விரலால மட்டும் தொட்டுக்கிட்டு பிரேக்கை அழுத்தி மிதிச்சேன். ரோட்டுக் கோட்டை விட்டு ஒரு இஞ்ச் கூட விலகாம நின்னுச்சு. இறங்கி நின்னு அந்தப் பெரியவருக்குத் தான் முதல்ல ஃபோன் போட்டேன்.

"நேரா நிக்குதா தம்பி?"ன்னு கேட்டாரு.

"நேரா நிக்குது சார்."

"நல்லது. நல்லது." கொஞ்சம் விட்டு, "இடது பக்கம் எங்க கிடைச்சுது உங்களுக்கு?"ன்னு கேட்டாரு, அந்தக் குரல்ல எத்தனை வருஷம் தேடியிருப்பாருன்னு தெரிஞ்சுது. சொன்னேன். அப்படியே லிஸ்ட்ல மிச்சம் இருந்த ஒண்ணையும் கேட்டேன். டேஷ்போர்டுக்கு அடில, ஸ்டியரிங் கம்பிக்கு இடது பக்கம், உள்ளங்கை அளவுல ஒரு இரும்பு பிராக்கெட், நாலு போல்ட், நல்ல அழகான வெல்டிங், எதையும் தாங்கல, எதோடயும் சேரல, மேனுவல்லயும் இல்ல. அது எதுக்கு சார் போட்டீங்கன்னேன்.

"அதுவா? அது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது தம்பி. எனக்கும் தெரியாது. அதனால தான் நான் தொடல."

நானும் தொடல. நோட்டுல அதுக்கு ஒரு பக்கம் இருக்கு, அளவு எழுதியிருக்கேன், மரை பிஎஸ்எஃப், யூஎன்எஃப்புக்கு முந்தின பழைய பிரிட்டிஷ் மரைன்னு எழுதியிருக்கேன், ஏன்ங்கற இடம் காலியா இருக்கு.